எந்த மிருகத்துக்கு எந்தக் குண்டு

கொல்லலாமா என்ற கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே நிறையப் பதில்கள் இருக்கின்றன. மதம் சொல்லியிருக்கிறது, சட்டம் சொல்லியிருக்கிறது, கவிஞர்கள் தங்களுக்குத் தோதுப்பட்ட நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஒரு படி கீழே இருக்கும் கேள்வியை, கொல்வது என்று தீர்மானமாகிவிட்ட பிறகு எதைக் கொண்டு, எவ்வளவு கனமான குண்டைக் கொண்டு என்பதை, நாம் தார்மீகக் கேள்வியாக எடுத்துக்கொள்வதே இல்லை. அது துப்பாக்கிக் கடைக்காரன் விஷயம், வேட்டைக்காரன் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். நானும் விட்டுவிட்டவன்தான். கவிதையில் படிமம் பற்றி மூன்று கட்டுரை எழுதியவன் ரைபிள் குழலின் விட்டத்தைப் பற்றி எழுத உட்காருவது இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் சிலருக்கு வேடிக்கையாக இருக்கும். இருக்கட்டும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிளையில் ஒரு துப்பாக்கி உண்டு: 12 போர், இரட்டைக் குழல். அதை வைத்திருப்பவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த காவலாளி. தோட்டாக்களுக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. மாதாமாதம் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, நகைக்கடன் மேஜைக்கு அடுத்தபடியாக, என் வேலைகளில் ஒன்று. தோட்டாவின் மேல் எல்.ஜி. என்று அச்சிட்டிருக்கும். உள்ளே ஆறு பெரிய ஈய உருண்டைகள். எஸ்.ஜி. என்றால் இன்னும் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். "இதெல்லாம் மிருகத்தோட அளவ வச்சு வச்ச பேருங்க சார். நாம மனுசனுக்குன்னு வாங்கி வச்சிருக்கறோம்" என்று ஒருநாள் அவர் சொன்னபோது சிரித்தேன். அப்போது அது எனக்கு வெறும் தகவல்.

2022ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு விவசாயியின் மக்காச்சோளக் காட்டைப் பார்வையிடப் போக வேண்டியிருந்தது. கடன் தவணை தவறியிருந்தது, நோட்டீஸ் போயிருந்தது, அந்த நோட்டீஸை அடித்தவன் நான். காட்டுப்பன்றி இறங்கிக் கதிரை அழித்துவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். எங்கள் கள அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர், தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பதற்கு நான் போனேன்.

பயிர்ச் சேதம் உண்மைதான். பன்றி கதிரை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை, தட்டையை மிதித்துச் சாய்த்து, தின்பதைப் போல் மூன்று பங்கைப் பாழாக்கிவிட்டுப் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வரப்பில் நடந்து வாய்க்கால் ஓரத்துக்கு வந்தபோது அங்கே ஒரு பன்றி கிடந்தது. கீழ்த்தாடை இல்லை. தாடை இருந்த இடத்திலிருந்து நாக்கு மண்ணில் தொங்கிக் கிடந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. அவுட்டுக்காய். வெடிமருந்தைப் பழத்திலோ கொழுப்பிலோ பொதிந்து வைத்துவிடுவார்கள்; கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். "நேத்து ராத்திரி கடிச்சிருக்குமுங்க சார். யாரு வச்சாங்கன்னு தெரியலீங்க" என்றார் அவர். அதை நான் அதிகாரிக்கு மொழிபெயர்த்தேன். மூவரும் சற்று நேரம் நின்றோம். பிறகு அவர் என்னிடம், "பேங்க் துப்பாக்கிய ஒரு நிமிசம் கொண்டாந்தா ஆகாதுங்களா சார்?" என்று கேட்டார். ஆகாது என்றேன். அவர் கேட்டது என்ன என்று அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

அந்த ஒன்றுமில்லையைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் துப்பாக்கிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வங்கி குமாஸ்தாவுக்கு அட்டவணைகள் பிடிக்கும். ரைபிள்காரர்களின் உலகமும் அட்டவணைகளின் உலகம்தான். முயலுக்கு .22 ரிம்ஃபயர், 40 கிரெயின் எடையுள்ள குண்டு, நரிக்கு.223, மானுக்கு.243இலிருந்து .308 வரை, யானைக்கும் காட்டெருமைக்கும்.470 போன்ற பெரும் இரட்டைக் குழல்கள், 500 கிரெயின். கிரெயின் என்பது ஆதியில் ஒரு பார்லி மணியின் எடை. நாம் பொன்னைக் குன்றிமணியால் நிறுத்ததுபோல் அவர்கள் ஈயத்தைத் தானியத்தால் நிறுத்திருக்கிறார்கள். தானியத்தைக் காக்கச் சுடும் குண்டையும் தானியத்தால்தான் நிறுக்கிறார்கள் என்பது தற்செயல்; அதிலிருந்து நான் ஒன்றையும் கறக்கப் போவதில்லை.

இந்த அட்டவணைகளில் முதலில் தெரிவது மிருகத்தின் அளவு. இரண்டாவதாகத் தெரிவது, அது செத்த பிறகு அதை என்ன செய்யப் போகிறோம் என்பது. குண்டின் கனத்தைவிட அதன் அமைப்பு இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. இறைச்சிக்காகச் சுடுகிறவனுக்கு, உடம்பில் புகுந்ததும் முனை விரிந்து, ஆனால் சிதறாமல் ஒன்றாகவே ஆழமாகப் போகும் குண்டு வேண்டும். சிதறினால் தொடைக்கறி வீணாகும். பயிரை அழிக்கும் பிராணியைத் தொலைப்பதற்காக மட்டும் சுடுகிறவனுக்கு நேர் எதிராக, பட்டவுடன் தூள்தூளாக உடையும் மெல்லிய தோல் குண்டு வேண்டும். கறியைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கல்லில் பட்டுத் தெறித்துப் பக்கத்து வயலுக்குப் போய்விடக் கூடாது என்பதே கவலை. யானைக்கோ விரியவே கூடாது. மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குப் போக வேண்டுமானால் முழுக்க உறையிட்ட கெட்டிக் குண்டு வேண்டும். ஆக, விசையை அழுத்துவதற்கு வெகு முன்பாகவே, கடையில் தோட்டாப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதே, எதிரே நிற்பது உணவா, எதிரியா, குப்பையா என்ற முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. தத்துவவாதிகள் பிராணிகளின் ஸ்தானம் பற்றி எழுதிய புத்தகங்களில் இவ்வளவு திட்டவட்டமான வகைப்பாட்டை நான் பார்த்ததில்லை.

இதில் என்னைத் திகைக்க வைத்த விஷயம் ஒன்று. இங்கிலாந்தில் மான்கள் பற்றிய 1991ஆம் வருஷச் சட்டம், மானைச் சுடும் ரைபிளுக்கு .240 அங்குலத்துக்குக் குறையாத துளையும், பொதுவாக 1700 அடி-பவுண்டுக்குக் குறையாத விசையும் வேண்டும் என்கிறது. அதோடு, குண்டு மென்முனை உள்ளதாகவோ குழிமுனை உள்ளதாகவோ, அதாவது விரியக்கூடியதாக, இருந்தே ஆக வேண்டும். விரியாத குண்டால் மானைச் சுடுவது குற்றம். காரணம் கருணை. விரியாத குண்டு ஊசிபோல் ஊடுருவிப் போய்விடும்; மான் ஓடிப்போய் எங்கோ பல நாள் கிடந்து சாகும்.

இதே விரியும் குண்டுக்கு இன்னொரு பெயர் டம்டம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் டம்டம் ஆயுதச் சாலையில், கேப்டன் பெர்ட்டி-க்ளே என்பவரின் மேற்பார்வையில் 1890களில் தயாரானது. 1895இல் சித்ரால் படையெடுப்பில் புதிய .303 ரைபிளின் உறையிட்ட குண்டு பழங்குடி வீரர்களைத் தடுத்து நிறுத்தவில்லை, ஊடுருவிப் போய்விடுகிறது என்று சிப்பாய்கள் புகார் சொன்னார்கள். முனையில் உறையைக் கழற்றி ஈயத்தைத் தெரியவிட்டார்கள். 1899இல் ஹேகில் கூடிய மாநாடு இதை மனிதர்களுக்கு எதிரான போரில் விலக்கியது. காரணம் அங்கேயும் கருணைதான். பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாவின் வாதத்தின் சாரம், நாகரிகமுள்ள சிப்பாய் சுடப்பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழாமல் மேலே வந்துகொண்டே இருப்பான், ஆகவே அவனுக்கு வேறு குண்டு வேண்டும் என்பது. நம்மைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். தீர்மானமும் அதில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் நடத்தும் யுத்தத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. அட்டவணையில் நாம் எந்தப் பத்தியில் இருந்தோம் என்பது இதிலிருந்து தெரியும்.

ஒரே குண்டு, மனிதனுக்கு அது கொடுமை, மானுக்கு அதுவே கருணை. முதலில் எனக்கு இது அபத்தமாகப் பட்டது, மனிதனின் வழக்கமான இரட்டை வேஷங்களில் ஒன்று என்று தள்ளிவிடப் பார்த்தேன். அப்படி இல்லை. 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனத்திலேயே அதன் தர்க்கம் இருக்கிறது: எதிரிச் சிப்பாயைச் செயலற்றவனாக்கினால் போதும், சாவைத் தவிர்க்க முடியாததாக்கும் ஆயுதம் தேவைக்கு மீறியது. அவன் காயத்தோடு விழுந்தால் தூக்கிப் போக ஆள் வருவான், கத்தியும் கட்டுத்துணியுமாக ஒரு டாக்டர் இருப்பார், என்றாவது ஊர் போய்ச் சேருவான். இந்த அனுமானத்தின் மேல்தான் சிறிய, சுத்தமான துளை கருணையாகிறது. மானுக்குப் பின்னால் யாரும் வரப்போவதில்லை. அதற்குக் காயம் என்று ஒரு நிலையே கிடையாது. உடனே சாவது, தாமதமாகச் சாவது என்ற இரண்டுதான். யாரும் வராத இடத்தில் கருணை, உறுதியாகக் கொல்வதாக மாறிவிடுகிறது. இந்தப் பிரகடனம் விலக்கியது சிறிய வெடிகுண்டுகளை, 400 கிராமுக்குக் குறைந்தவற்றை. உடம்புக்குள் போய் வெடிப்பது மனிதனுக்கு ஆகாது என்று 1868இல் ஒத்துக்கொண்டார்கள். வாய்க்கால் ஓரத்தில் நான் பார்த்தது அதைத்தான்.

சாவு உறுதியாகாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு ஜிம் கார்பெட்டின் புத்தகத்தின் முதல் புலியே சாட்சி. 1907இல் அவர் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைத் தின்றதாகக் கணக்கு. நேபாளத்தில் 200, குமாவுனில் மீதி. மலைமேல் ஆட்கள் பறையடித்து விரட்ட, அவர் தன் .500 ரைபிளில் இருந்த மூன்று தோட்டாக்களையும் தீர்த்துவிட்டு, தாசில்தாரின் லாயக்கற்ற துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி முடித்து வைத்த கதையை எல்லோரும் ரசிப்பார்கள். அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்த .275 ரிக்பி ரைபிளைப் பற்றியும் ரைபிள் பிரியர்கள் விடிய விடியப் பேசுவார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது கடைசியில் அவர் போகிற போக்கில் சொல்லும் ஒரு தகவல். புலியின் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். அதனால்தான் அது தன் இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் மனிதர்களிடம் வந்தது என்கிறார் கார்பெட்.

அந்தக் காயத்தைச் செய்தவன் யார்? அவனுக்குப் பெயர் இல்லை. ஏதோ ஒரு மாலையில், கையில் இருந்த ஏதோ ஒரு துப்பாக்கியால், தூரத்தில் தெரிந்த புலியைச் சுட்டிருப்பான். புலி ஓடிவிட்டது, அவன் வீட்டுக்குப் போயிருப்பான். சுட்டேன், பட்டது போலிருக்கிறது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கவும் கூடும். 436 பேரின் சாவு அவன் கணக்கில் எழுதப்படவில்லை. கொன்றவனைக் கேள்வி கேட்க நமக்கு ஒரு முழு நீதி சாஸ்திரம் இருக்கிறது. அரைகுறையாகக் கொன்றுவிட்டுப் போனவனைக் கேட்க ஒன்றுமில்லை. நம்முடைய இலக்கியமும் இதில் விதிவிலக்கல்ல. முயலைக் கொன்ற அம்பைவிட யானையைத் தவறவிட்ட வேலை ஏந்துவது இனிது என்கிறது குறள். வீரத்தைப் பற்றிய பேச்சு என்ற அளவில் அது சரி. வேல் முழுக்கத் தவறியதா, விலாவில் உராய்ந்து போனதா, யானை எங்கே போயிற்று என்பது கேட்கப்படவில்லை. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். ரைபிள்காரர்கள் இதைக் கேட்டால், இலக்கைத் தாண்டிப் போகும் குண்டு ஆபத்தானது, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் சுடக் கூடாது என்பார்கள். அவர்களுக்குக் கவிதை தெரியாதுதான். ஆனால் குண்டு போய் நிற்கும் இடத்துக்கும் நாம் பொறுப்பு என்கிற பிரக்ஞை அவர்களிடம் இருக்கிறது.

பி.ஏ. ஆங்கிலத்தில் ஜார்ஜ் ஆர்வெலின் 'யானையைச் சுடுதல்' எங்களுக்குப் பாடமாக இருந்தது. 1936இல் வெளியான கட்டுரை, பர்மா அனுபவம். ஏகாதிபத்தியவாதி தன் முகமூடிக்கே அடிமையாகிறான் என்று ஆசிரியர் விளக்கினார், நாங்கள் பரீட்சையில் எழுதினோம். சென்ற வருஷம் அதை மறுபடி படித்தபோது வேறு இடங்கள் கண்ணில் பட்டன. முதலில் அவர் கையில் இருந்தது .44 வின்செஸ்டர், யானையைக் கொல்லப் போதாது என்று அவருக்கே தெரியும். பிறகு ஆள் அனுப்பி யானைத் துப்பாக்கியை வாங்கிவரச் செய்கிறார். துப்பாக்கி வந்துவிட்டது. மூளை எங்கே இருக்கிறது என்ற அறிவு வரவில்லை. செவித்துளைக்கு நேராகச் சுட வேண்டும் என்று அப்போது தெரியாமல், மூளை இன்னும் முன்னால் இருக்கும் என்று நினைத்துச் சில அங்குலம் முன்தள்ளிச் சுடுகிறார். யானை விழுகிறது, சாகவில்லை. சிறிய ரைபிளால் மேலும் மேலும் சுட்டுவிட்டு, தாங்க முடியாமல் போய்விடுகிறார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் அது உயிரோடு இருந்ததாகப் பின்னால் கேள்விப்படுகிறார். தன் தவறை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார் என்பது அவருடைய நேர்மை. ஆனால் கட்டுரையின் குற்ற உணர்வு முழுவதும் ஏன் சுட்டேன் என்பதிலேயே தங்கிவிடுகிறது. எப்படிச் சுட்டேன் என்பது துயரமான விவரமாக மட்டும் நிற்கிறது. நாங்களும் அரசியலை அடிக்கோடிட்டுக்கொண்டு அந்த அரைமணி நேரத்தைத் தாண்டிப் போனோம். பெரிய கருத்துக்கள் சின்ன அறியாமைகளுக்கு நல்ல மறைவிடம். விமர்சகன் என்ற முறையில் இது எனக்கும் பொருந்தும்.

அப்படியானால் அறிவுதான் விடையா? டபிள்யூ.டி.எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரிடம் அந்த அறிவு இருந்தது. யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து எங்கே மூளை என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தார். மற்றவர்கள் தோளை உடைக்கும் பெருங்குழல்களைத் தூக்கித் திரிந்த காலத்தில் மானுக்கான .275இல் கெட்டிக் குண்டைப் போட்டு யானைகளைச் சுட்டார். பெரும்பாலானவை தடுமாறாமல் நின்ற இடத்திலேயே விழுந்தன. இப்படி அவர் கொன்றது ஆயிரத்துக்கும் மேல், தந்தத்துக்காக. இங்கே கருணை என்பதும் திறமை என்பதும் ஒன்றாகிவிடுகின்றன, ஒவ்வொரு யானைக்கும் வலி இல்லை, யானைகளும் இல்லை. எங்கள் கிளையில் எல்லாவற்றையும் கணினிமயமாக்கிய பிறகு நோட்டீஸ்கள் பிழையில்லாமல், குறித்த தேதியில், யாரையும் கடிந்து பேசாமல் போய்ச் சேருகின்றன. பெல்லை நினைக்கும்போது எனக்கு அது ஞாபகம் வருகிறது.

நம் நாட்டில் துப்பாக்கியின் அளவைத் தீர்மானித்தது மிருகமும் இல்லை, கருணையும் இல்லை. கலகக்காரர்கள் கையில் மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் இருந்ததால், 1907 வாக்கில் .450 அளவுத் தோட்டாக்களை ஆங்கில அரசு இந்தியாவுக்கும் சூடானுக்கும் அனுமதிக்க மறுத்தது. உடனே லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .470 போன்றவற்றைக் கொண்டுவந்தார்கள். 0.02 அங்குலம் கூடியது ராஜ விசுவாசத்தின் விட்டம். .303 பட்டாளத்தின் அளவு என்பதால் குடிமகனுக்குக் கூடாது, அதற்காக.315 என்று ஒன்று வந்தது, அதை இஷாப்பூர் தொழிற்சாலை சுதந்திரத்துக்குப் பிறகும் செய்துவந்திருக்கிறது. ஆண்டவர்கள் போனார்கள், பயம் அளவு மாறாமல் இருக்கிறது. பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் ரைபிள் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாளிதழ் படிக்கிற எவரும் ஊகிக்கலாம்.

சட்டம் துப்பாக்கியை விலக்கியதால் கொல்வது நிற்கவில்லை. மின்வேலியில் திருட்டு மின்சாரம், சுருக்குக் கம்பி, பால்ரஸ் போட்ட நாட்டுத்துப்பாக்கி, அவுட்டுக்காய் என்று எல்லாம் வலி கூடிய திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே செத்தபோது நாடே அழுதது. அது பன்றிக்கு வைத்தது என்று சொன்னார்கள். பன்றி கடித்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். கேரளம் 2022இல், லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குத் தந்தது. வெடியும் விஷமும் மின்சாரமும் கூடாது என்றது. தமிழ்நாடு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறையினர் சுடலாம், 1 கிலோமீட்டருக்குள் கூடாது, இடையில் இருப்பதைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும் என்று அறிவித்தது. நான் சொன்ன விவசாயியின் காடு 2 கிலோமீட்டரில் இருக்கிறது. அறிவிப்பைப் படித்துக் காட்டினேன். "பன்னிக்கு யாருங்க சார் கல்லு நட்டுக் காட்டறது?" என்றார்.

சுத்தமான குண்டு என்று ஒன்று இருக்கிறதா என்றும் தேடினேன். விரியும் ஈயக் குண்டு, கருணையின் குண்டு, உடம்புக்குள் துகள்களை உதிர்க்கிறது. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடலைத் தின்ற காண்டர் கழுகுகள் கலிபோர்னியாவில் ஈய விஷத்தால் செத்தன. அங்கே 2013இல் சட்டம் போட்டு, 2019 ஜூலையிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் என்று ஆக்கினார்கள். இப்போது செம்புக் குண்டு. நல்லதுதான். தேர்வு ஒருபோதும் முடிவதில்லை என்பதைக் கண்டுகொண்டதுதான் எனக்கு மிச்சம்.

நான் தேர்வு செய்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று வாய்க்கால் ஓரத்தில் என்னிடம் துப்பாக்கி இல்லை. அது உண்மை. கிளைத் துப்பாக்கியைக் கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. வனத்துறைக்கு போன் செய்திருக்கலாம். செய்தால் அவுட்டுக்காய் வைத்தவர் யார் என்ற விசாரணை வரும், அவர் மாட்டிக்கொள்வார், கடன் வராது. இதை அந்த நிமிஷத்தில் நான் கணக்குப் போட்டேனா, பின்னால் கண்டுபிடித்துக்கொண்டேனா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு மண்வெட்டி அங்கே கிடந்தது. அதை எடுக்கலாம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அல்லது மூவருக்கும் தோன்றியிருந்தது. நான் படித்த அத்தனை அட்டவணைகளும் அந்த மண்வெட்டியைப் பற்றி நினைக்காமல் இருப்பதற்காகத்தானோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அறிக்கையில் 'வன விலங்குகளால் சேதம்' என்று எழுதிக் கையெழுத்திட்டோம்.

காவலாளியிடம் வெகு நாள் கழித்து இதைச் சொன்னேன். அந்த எல்.ஜி. தோட்டா போதுமா என்று கேட்டேன். "எவ்வளவு தூரமுங்க சார்?" என்றார். பத்தடி, கீழே கிடக்கிறது என்றேன். பதில் சொல்லாமல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, தோட்டாவெல்லாம் பழசாகிவிட்டது, மேலிடத்துக்கு எழுதிப் புதிது வாங்க வேண்டும் என்றார். எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

இந்த வருஷம் அந்த விவசாயி மக்காச்சோளத்தைக் குறைத்துவிட்டு, காட்டைச் சுற்றி ஆமணக்கு நட்டிருக்கிறார். பன்றி ஆமணக்கைத் தொடாது, தாண்டியும் அவ்வளவாக வராது என்று யாரோ சொன்னார்களாம். போன வாரம் கிளைக்கு வந்திருந்தார். வேலியாக நட்டதற்குப் பயிர்க்கடன் உண்டா, ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டார். பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறேன்.